அந்தரங்கம் என்று எழுதிய உறை

இதை எழுதலாமா என்று என் மகளிடம் கேட்டேன். தட்டு கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்காமலேயே பதில் சொன்னாள்.

"எனக்காகன்னா எழுதாதீங்க. உங்களுக்காகன்னா எழுதிக்குங்க. பேரு போடாதீங்க. என்ன பொருள்னும் போடாதீங்க. ஊரு வேணும்னா போடுங்க, ஊரு என்ன பண்ணும்."

ஆகவே இதில் யாருடைய பெயரும் இல்லை. கூடப் படித்த பெண்ணின் பொருள் ஒன்று என் மகளின் பைக்குள் இருந்தது. அதை எடுத்தவள் இவள்தான். இதற்கு மேல் அந்தப் பொருளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மலாக்காவில் தெரியவேண்டியவர்களுக்கெல்லாம் ஏற்கனவே தெரியும். தெரியப்படுத்தியவன் நான்.

மலாயாவுக்கு மெர்டேக்கா என்ற விடுதலை கிடைத்து ஓராண்டு முடிந்திருந்த சமயம். நான் காஜா பேராங் பகுதியில் குடியிருக்கும் தமிழ்ப் பள்ளி ஆசிரியன். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். என் தகப்பனார் பால்மரம் வெட்டிய கத்தியை வைத்துவிட்டு ஒரு நாளும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. நான் தமிழ் படித்தேன். என் மகள் ஆங்கிலப் பள்ளியில் படித்தாள். அவளுக்கு நர்ஸ் வேலைக்குப் போகவேண்டும் என்று ஆசை. ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை. பத்து வயதில் தம்பியின் முழங்கால் காயத்துக்குக் கட்டுப் போட்டுவிட்டு, அதை அவிழ்க்கவிடாமல் மூன்று நாள் காவல் காத்தவள். பதினேழு முடிந்ததும் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பொருள். இழந்த பெண்ணின் தகப்பனார் என்னிடம் வந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவர் போலீசுக்குப் போனார்.

வழக்குக்கு முன்பு நன்னடத்தை அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். மோட்டார் சைக்கிளைக் கோயில் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வருவார். அக்கம்பக்கத்தில் கேட்டால் இன்சூரன்ஸ் ஏஜெண்டு என்று சொல்லிக்கொள்வார். முனைக்கடைக்காரர் ஒருநாள் என்னை நிறுத்தி, "என்னா வாத்தியாரே, இன்சூரன்ஸ்காரன் ரெண்டு மூணு தடவ வந்துட்டுப் போறானே, உடம்புக்கு ஏதாச்சுமா?" என்று கவலையோடு கேட்டார். ரத்த அழுத்தம் என்று சொன்னேன். அவருடைய மனைவி முருங்கைக்கீரை கொடுத்தனுப்பினார்.

அந்த அதிகாரி எங்கள் மூவரையும் உட்காரவைத்து விளக்கினார். "இது சின்னப் பிள்ளைங்களுக்கான கோர்ட்டு. கதவு சாத்தியிருக்கும். வேடிக்கை பாக்க யாரும் வர முடியாது. பத்திரிகையில பேரு வராது. குற்றவாளிங்கிற வார்த்தையையே அங்க சொல்லக் கூடாதுங்க. ஒரு வருஷம் நல்லபடியா இருந்துட்டா, பாப்பா பாட்டுக்கு நர்ஸுக்குப் போகலாம். இந்த அஞ்சாறு பேருக்கு மேல யாருக்கும் தெரியாது."

மகள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எங்க ஸ்கூல் பிள்ளைங்களுக்கு?"

"அந்தப் புள்ளைக்குத் தெரியும். அவங்க அப்பாவும் வெளியே பேசக் கூடாது. பேசினா அவரு மேல கேஸ்."

அன்று அவள் நன்றாகச் சாப்பிட்டாள். பல நாட்களுக்குப் பிறகு.

வழக்கு நாளில் என் மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க, நானும் மகளும் உள்ளே போனோம். கதவைச் சாத்தினார்கள். சிறிய அறை. மேசைக்குப் பின்னால் மாஜிஸ்திரேட், அவருக்கு இரண்டு பக்கமும் ஆலோசகர்களாக ஒரு அம்மையாரும் ஒரு பெரியவரும், ஓரமாக எழுத்து வேலை பார்க்கும் கிராணி, பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். மாஜிஸ்திரேட் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர் எந்த இனம், எந்த ஊர் என்பதை எழுதப்போவதில்லை. அது இங்கே முக்கியமில்லை.

எடுத்தாயா என்று ஆங்கிலத்தில் கேட்டார். மகள் ஏதோ சொன்னாள். கேட்கவில்லை என்று காதில் கை வைத்தார். மறுபடி சொன்னாள். அதன்பிறகு அவர் மொழிபெயர்ப்பாளரிடம் ஒன்று சொன்னார். மொழிபெயர்ப்பாளர் கையிலிருந்த காகிதத்தை ஒருமுறை புரட்டிவிட்டு, அதைப் பார்த்தபடியே, "அப்பாவுக்கு விளங்குற மொழியில அப்பாகிட்டயே சொல்லச் சொல்றாருமா" என்றார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நான் திருடினேன்" என்றாள்.

"சத்தமாவாம்."

"நான் திருடினேன்."

மூன்றாவது முறையும் சொல்லவைத்தார். மூன்றாவது முறை அவள் குரல் சுவரில் பட்டுத் திரும்பியது. மாஜிஸ்திரேட் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லவில்லை. ஆலோசகர் அம்மையார் தன் கைப்பையைத் திறந்து மூடினார். பிறகு எல்லாம் சட்டப்படி நடந்தது. ஓராண்டு நன்னடத்தைக்கு நான் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்தோம்.

மொழிபெயர்ப்பாளர் பின்னாலேயே வந்து என்னைத் தூண் ஓரமாக ஒதுக்கினார். "ஐயா, உள்ள நடந்தது உள்ளயே இருக்கட்டும். உங்க பாப்பாவுக்காகத்தான் கதவு சாத்துறது."

"அவர் பேசினது சரியா?"

"நான் சம்பளத்துக்கு வாய் பேசுறவன்யா. என்னைக் கேக்காதீங்க."

கடைசியில் மாஜிஸ்திரேட் சொன்னது என்ன என்பதை வீட்டுக்கு வந்தபிறகுதான் மகள் சொன்னாள். பெரட்டுக் களத்தில் நிற்கவேண்டியவர்களைக் கொண்டுவந்து பெஞ்சில் உட்காரவைத்தால் இப்படித்தான் ஆகும் என்றாராம். தோட்டத்தில் விடிவதற்குள் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் இடம் பெரட்டுக் களம். என் தகப்பனார் நின்ற இடம். சிறுவயதில் நானும் நின்றிருக்கிறேன்.

"முடிஞ்சுதில்லப்பா? யாருக்கும் தெரியாதில்ல?" என்று கேட்டாள்.

முடிந்தது என்றாள் என் மனைவி.

ஒரு வாரம் கழித்து வகுப்பில் ஒரு மாணவி பாடம் வாசித்துக்கொண்டிருந்தாள். மெல்லிய குரல். "கேக்கல, சத்தமா" என்றேன். மறுபடி வாசித்தாள். "இன்னும் சத்தமா!" என்று கத்தினேன். கத்திய பிறகு என் கை காதருகில் இருப்பதைக் கண்டேன். அந்தக் குழந்தையை உட்காரச் சொல்லிவிட்டு வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவினேன். அன்றுதான் அந்த மனிதர் மேல் புகார் எழுதுவது என்று முடிவு செய்தேன்.

மனைவி கேட்டாள். "நாலு பேருக்குத் தெரியாம மனு எப்படிங்க குடுப்பீங்க?"

"ரகசியமாகக் கொடுக்கலாம். மேலிடத்துக்கு."

"ரகசியமா மனு. நல்லாருக்கு. ஆங்கிலத்துல யாரு எழுதுவா? நீங்களா?"

மகள் கதவோரம் நின்றிருந்தாள். "வேணாம்பா. அவரு பேசினது எனக்கு இன்னும் காதுல கேக்குது. ஆனா கதவு சாத்தியிருந்துச்சு. எனக்கு அது போதும். விட்டுடுங்க."

சரி என்றேன். அவளிடம் சரி என்றுதான் சொன்னேன். இரண்டு நாள் கழித்து நான்கு பக்கம் எழுதினேன். மாஜிஸ்திரேட் நடந்துகொண்ட விதம், மகள் மூன்று முறை சொல்லநேர்ந்தது, பெரட்டுக் களப் பேச்சு எல்லாம் அதில் இருந்தன. அவள் மேல் இருந்த குற்றச்சாட்டையும் எழுதவேண்டியிருந்தது. அதை எழுதாமல் மற்றது விளங்காது.

இப்போது எங்கள் பகுதித் தமிழர் சங்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அதன் தலைவர் புக்கிட் பாருவில் இருந்தார். ஓய்வு பெற்ற பெரிய கிராணி, வெள்ளைக்காரத் துரைமார்களுக்கே கடிதம் திருத்திக்கொடுத்தவர், வாய் அடக்கமானவர். அவர் ஆங்கிலத்தில் எழுதி, கீழே தன் ஆதரவையும் சேர்த்தால் மேலிடத்தில் மதிப்பு இருக்கும் என்று நினைத்தேன். அவரை நேரில் பார்த்துக் கொடுக்கத்தான் சைக்கிளில் கிளம்பினேன். இரண்டு முறை போனேன். அவர் வீட்டு வேலியருகே காலை ஊன்றி நிற்பேன். என் மகள் திருடினாள் என்று ஆரம்பிக்கவேண்டும். திரும்பிவிடுவேன்.

கடைசியில் தபாலில் போட்டேன். அதிலும் வாத்தியார் புத்தி. மனுவென்றால் முறைப்படி போகவேண்டும். ஆகவே அவர் பெயரை எழுதாமல், தலைவர் என்று பதவியை எழுதி, சங்கத்தின் முகவரியைப் போட்டேன். உறையின் மேல் மூலையில் அந்தரங்கம் என்று எழுதி இரண்டு கோடு இழுத்தேன்.

சங்கத்தில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சண்டை நடந்திருந்தது. அப்போதைய செயலாளர் தனக்குப் பிடிக்காத கடிதங்களை மறைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு தீர்மானம் வந்தது. சங்கத்துக்கு வரும் எந்தக் கடிதத்தையும் பிரிக்காமல் கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும், உறுப்பினர்கள் முன்னிலையில் பிரிக்க வேண்டும், ஒரு வரி விடாமல் உரக்கப் படிக்க வேண்டும், உறையின் மேல் என்ன எழுதியிருந்தாலும் சரி. அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவன் நான். மேசையைத் தட்டிப் பேசினேன். கைதட்டினார்கள்.

அது எனக்கு மறந்துபோனதா என்று என் மனைவி பிற்பாடு கேட்டாள். மறக்கவில்லை. மற்றவர்களின் கடிதங்களுக்காகப் போட்ட தீர்மானம் என்றே அது என் மனத்தில் பதிந்திருந்தது. வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமைக் காலை. முப்பது பேர் இருப்போம். செயலாளர் கட்டை அவிழ்த்துக் கடிதங்களை மேசையில் பரப்பினார். நான்காவதாக என் உறை. என் கையெழுத்தை நானே தூரத்திலிருந்து பார்த்தேன்.

"அட, இதுல அந்தரங்கம்னு போட்டிருக்கு" என்று செயலாளர் உறையைத் தூக்கிக் காட்டினார். "வாத்தியாரே, உங்க தீர்மானத்துக்குச் சோதனை வந்திருச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்தேன். "அது தலைவருக்கு. அவர்கிட்ட குடுத்துடுங்க."

"தலைவருன்னா? பதவிக்குத்தான போட்டிருக்கு."

"வேண்டாங்க. விட்டுடுங்க."

பின்வரிசையில் அந்தப் பழைய செயலாளரின் மைத்துனர் இருந்தார். "பாத்தீங்களாய்யா! எங்காளு மறைச்சா துரோகி. இவரு மறைச்சா அந்தரங்கம். படிங்கய்யா!"

"படிங்க, படிங்க" என்று நான்கைந்து குரல்கள் கேட்டன. அது என்னுடையது என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார்கள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். உட்கார்ந்தேன்.

செயலாளர் நாடகத்தில் நடித்தவர். குரல் கணீரென்று இருக்கும். பொருளைக் கவனிக்காமல் சொற்களை நன்றாக உச்சரித்துக்கொண்டே போவார். மாண்புமிகு தலைவர் அவர்களுக்கு என்று ஆரம்பித்தார். மூன்றாவது வரியில் சிலர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு உறைத்தபோது, மாஜிஸ்திரேட் என் மகளைச் சொல்லவைத்த அந்த வாக்கியத்தை அவர் உரக்கப் படித்து முடித்திருந்தார். மூடிய அறையில் மூன்று முறை சொன்னது, திறந்த கூடத்தில் நான்காவது முறையாக ஒரு ஆண் குரலில் கேட்டது. வெளியே சடக்குப் பாதையில் ஐஸ் விற்பவன் மணியடித்துக்கொண்டு போனான்.

தலைவர் எழுந்து வந்து காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "இங்க கேட்டத யாரும் வெளியே பேசக் கூடாது" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். மாலைக்குள் உஜோங் பாசிரில் இருக்கும் என் மச்சினிச்சி வரைக்கும் போய்விட்டது.

மகளிடம் நானே சொன்னேன். வேறு யாரும் சொல்லுமுன் சொல்லிவிட வேண்டும் என்ற புத்தியாவது இருந்தது. அவள் கத்தவில்லை, அழவில்லை. "முப்பது பேரா?" என்று கேட்டாள். பிறகு, "சரின்னு சொன்னீங்களேப்பா" என்றாள்.

அதற்குப் பின் அவள் கோயிலுக்கு வருவதில்லை. முனைக்கடைக்குப் போவதில்லை. பள்ளிவிட்டு வந்ததும் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள். அது ஒரு மலாக்காச் செட்டி குடும்பம், பல தலைமுறைக்கு முன்பே இந்த ஊரில் வந்து தங்கிவிட்டவர்கள். நம்மைப்போலவே விபூதி பூசி, நம்மைப்போலவே பொங்கல் வைப்பார்கள், ஆனால் வீட்டில் பேசுவது அவர்களுடைய மலாய். தமிழ் தெரியாது. ஊர் முழுக்கத் தமிழில் சுற்றிய பேச்சு அந்த வேலியைத் தாண்டாது என்று மகள் கணக்குப் போட்டிருக்கிறாள். அந்த வீட்டம்மாளோடு உட்கார்ந்து பலகாரத்துக்குப் பண்டான் இலை நறுக்குவாள். சிரிப்புச் சத்தம் எங்கள் சமையலறை வரை கேட்கும். எங்கள் வீட்டில் அவள் சிரித்து மாதங்களாகியிருந்தன.

ஒருநாள் கிணற்றடியில் என் மனைவி அந்த அம்மாளிடம் ஏதோ பூசிமெழுகிச் சொல்லப்போனாளாம். அவர் ஈரக் கையை அசைத்து, "தாவு, சுடா லாமா தாவு" என்றாராம். தெரியும், ரொம்ப நாளாகத் தெரியும். யாரோ மலாயில் சொல்லிவிட்டிருக்கிறார்கள். அந்த அம்மாள் ஒரு நாளும் முகத்தில் காட்டவில்லை. நாங்கள் இதை மகளிடம் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள். தெரியட்டும்.

தலைவர் ஒரு மாலை வந்தார். "இனிமே மறைக்க என்னா இருக்கு வாத்தியாரே? அந்த மனுசன் பேசினது பேசினதுதானே. அனுப்பிடுவோம்" என்றார். நான் மகளைப் பார்த்தேன். அவள் தோளை அசைத்தாள். தலைவர் ஆங்கிலத்தில் எழுதினார். பெயரில்லாமல், என் மகள் என்றில்லாமல், ஒரு சிறுமி என்று எழுதினார். நான் அப்படி எழுதியிருக்கலாம். எனக்குத் தோன்றவேயில்லை.

பல வாரங்கள் கழித்துப் பதில் வந்தது. அரைப் பக்கம். தலைவர் அதைத் தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னார். புகார் கிடைத்தது. நீதிபதிகள் மீதான புகார்களை விசாரிப்பது அந்தரங்கமான காரியம், ஆகவே விசாரித்தார்களா, என்ன முடிவு என்பதைத் தெரிவிக்க இயலாது. தவிர, மூடிய நீதிமன்றத்தில் நடந்தது பொதுக்கூட்டத்தில் படிக்கப்பட்டதாகத் தெரியவருகிறது. அது சட்டப்படி தண்டனைக்குரியது. இந்த ஒரு முறை எச்சரிக்கையோடு விடப்படுகிறது.

"யாரோ அதையும் எழுதிப் போட்டிருக்கான்" என்றார் தலைவர்.

எச்சரிக்கை நியாயமானதுதான். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அந்த மாஜிஸ்திரேட் சில மாதங்களில் மாற்றலாகிப் போனார். எங்கள் மனுவினாலா, வழக்கமான மாற்றலா, தெரியாது. உயர்வு பெற்றுப் போனார் என்று ஒருவர் சொன்னார், கண்டித்து அனுப்பினார்கள் என்று இன்னொருவர் சொன்னார். அவரைப் பற்றிய காகிதம் எங்கோ ஒரு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. யாரும் அதைக் கூட்டத்தில் படிக்கப்போவதில்லை. இதை நினைத்தால் களைப்பாக இருக்கிறது. வேறொன்றும் இல்லை.

ஓராண்டு முடிந்தது. நன்னடத்தை அதிகாரி கடைசியாக வந்து கைகொடுத்துவிட்டுப் போனார். இந்தத் தடவை மோட்டார் சைக்கிளை வாசலிலேயே நிறுத்தினார். ஒளிக்க ஒன்றுமில்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

போன வாரம் மகள் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கான விண்ணப்பத்தைக் கொண்டுவந்தாள். எல்லாவற்றையும் அவளே நிரப்பியிருந்தாள். அதில் நீதிமன்றம் சம்பந்தமாக ஒரு கேள்வி உண்டு என்று பிறர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இல்லை என்று எழுத அவளுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. அந்த அதிகாரி அப்படித்தான் சொன்னார். ஆனால் ஊருக்கே தெரிந்த பிறகு இல்லை என்று எழுதி, எவனாவது ஒரு தபால் போட்டால்? உண்டு என்று எழுதி, அவர்கள் வேண்டாம் என்றால்? இரண்டையும் நான் வாரக்கணக்கில் யோசித்துவிட்டேன். என்ன எழுதலாம் என்று அவளுக்கு எடுத்துச்சொல்ல ஒரு பேச்சையே தயார் செய்து வைத்திருந்தேன்.

அவள் காகிதத்தை மேசையில் வைத்தாள். இடது உள்ளங்கையை விரித்து எழுத்தின் மேல் வைத்தாள். பெற்றோர் கையெழுத்து என்ற கோடு மட்டும் வெளியே தெரிந்தது.

"இங்கப்பா" என்றாள்.

"என்ன எழுதியிருக்கிற?"

"கையெழுத்து மட்டும் போடுங்க."

அவள் கை அசையவில்லை. விரல் இடுக்கில் நீல மை கொஞ்சம் தெரிந்தது. குனிந்திருந்தால் ஒரு சொல்லாவது படித்திருக்கலாம். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கோடு இருக்கும் இடத்தைத் தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். அவள் மை காயும்வரை ஊதினாள். காகிதத்தை மடித்து உறையில் போட்டு ஒட்டினாள். தபால் பெட்டிவரை நான் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முனைக்கடை வழியாகவே நடந்து போனாள்.

பதில் இன்னும் வரவில்லை.